வெள்ளம் வடிந்த கோவில் கிணற்றுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?

பெகுவாசி:
மியான்மரில் பெகு பக்கம் எங்கள் கோவிலில் உறைக்கிணறு. நாலடி விட்டம், பத்தடித் தண்ணீர். ஊரே குடிக்கிறது. வெள்ளம் மேலேறி வடிந்து நாலு நாள். இரண்டு கைப்பிடி பவுடர் தூவினோம். மறுநாளே பவுடர் வாடை போய்விட்டது, கலங்கல் போகவில்லை. எவ்வளவு போடணும்? பேசாமல் குழாய்க்கிணறு இறக்கலாம் என்கிறார்கள் சிலர்.

கரையோரம்:
தம்பி, குளோரினைச் சேறு தின்றுவிட்டது. கலங்கலில் எவ்வளவு கொட்டினாலும் வீண்தான். முதலில் இறைத்து, அடிச்சேறு வாரி, உறையைத் தேய்த்துக் கழுவுங்கள். சுற்று நிலம் ஊறிக் கிடக்கும்போது ஒரேயடியாக வற்ற இறைக்க வேண்டாம், வெளிநீர் அழுத்தி உறை சரியும். எஞ்சின் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. புகை தங்கி, இறங்கும் ஆளைக் கொன்றுவிடும்.

தெளிந்த பிறகு கணக்கு: உங்கள் கிணற்றில் சுமார் 3,550 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். 30 சதவீதப் பவுடர் என்றால் 600 கிராம், அதாவது பர்மா வீசையில் (சுமார் 1.63 கிலோ) மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, வாளியை ஏற்றி இறக்கிக் கலக்குங்கள். பன்னிரண்டு மணி நேரம் யாரும் எடுக்கக் கூடாது. பிறகு வாடை குறையும்வரை இறைத்துக் கொட்டுங்கள். குளோரின் சோதனை மாத்திரையில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவுக்கு இறங்கினால் குடிக்கலாம். அதுவரை கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

மழைக்காலத்தில் திறந்து கிடந்த மூட்டை வேண்டாம். மூக்கில் ஏறாத பவுடர் வெறும் சுண்ணாம்பு.

ஊருணி:
மருந்து இன்றைக்கு மட்டும்தான். அழுக்கு எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்தீர்களா அண்ணே? மேடையில் நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி உள்ளே அடியுங்கள். உறை மூட்டில் ஈரக்கோடு வழிந்தால் அதுதான் வழி. மேல் பத்தடி மூட்டுகளைச் சிமெண்டால் அடையுங்கள். மேடை சுற்றிலும் மூன்றரை அடியாவது இருக்கட்டும், வாய்க்கால் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோகட்டும். கழிவறைக் குழி 30 மீட்டருக்குள் இருந்தால் அதை மாற்றாமல் மற்றதெல்லாம் பாதி வேலைதான். ஆளுக்கொரு வாளி கூடாது. கிணற்றுக்கென்றே ஒரு வாளி, தரையில் படாமல் தொங்கட்டும்.

கரையோரம்:
குழாய்க்கிணறு பற்றி: ஐராவதி டெல்டாவில் ஆழமில்லாத குழாய்க்கிணறுகள் பலவற்றில் ஆர்சனிக் என்ற நஞ்சு உண்டு. நிறமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் குளோரின் போட்டாலும் போகாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நீங்கள் டெல்டாவில் இல்லை என்றாலும், துளைத்ததும் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை துணி துவைக்க மட்டும்.