வாடகை வீடு, ஒரே கார்: எலெக்ட்ரிக் வாங்கலாமா, பெட்ரோலே போதுமா?

கவி_மேடவாக்கம்

எங்கள் பெட்ரோல் கார் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும். மேடவாக்கத்தில் வாடகை ஃப்ளாட், வேலை சிறுசேரியில். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் போல ஓடும். தீபாவளி, பொங்கல், மே விடுமுறைக்கு மாமியார் வீடு திருநெல்வேலி. வீட்டில் இந்த ஒரு கார்தான், பட்ஜெட் 15 லட்சம். அவர் எலெக்ட்ரிக்தான் என்று நிற்கிறார், எனக்கு மனசு வரவில்லை. தினமும் ஓட்டுபவர்கள் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

மின்னல்_ரவி

தயங்காமல் வாங்குங்கள் மேடம். நான் ஓட்டுவது 30.2 யூனிட் பேட்டரி டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக். 2020-இல் அது வந்தபோது காகிதத்தில் சொன்ன ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) 312 கிலோமீட்டர். ஏசி போட்டு நம் ஊரில் ஓட்டினால் 200 வரும், அதை மனதில் வைத்தே வாங்குங்கள். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 160 யூனிட், அதாவது 1,500 ரூபாய். ஓஎம்ஆர் நெரிசலில் லிட்டருக்கு 12 கொடுக்கும் பெட்ரோல் காருக்கு இதே தூரத்துக்கு 8,400 ஆகும். ஆயில் மாற்றும் வேலை இல்லை. கிளட்ச் இல்லை, சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்று நின்று போகும்போது அந்த அருமை தெரியும்.

நெல்லைச்சீமை

ரவி சார், அந்த 1,500-ஐ ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஓடும் வீடு 2025 கட்டணப்படி 1,500 ரூபாய் போல மின்கட்டணம் கட்டும். காரின் 320 யூனிட் சேர்ந்து 770 ஆனால் பில் 4,500-ஐத் தொடும். 500-ஐத் தாண்டியதும் ஆரம்ப யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலை போய்விடும். 600-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய்க்கு மேல். மே மாதம் ஏசி ஓடி 1,000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல்.

வண்டி விலையையும் பாருங்கள். எலெக்ட்ரிக்குக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், சரி. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கும் 18 ஆகிவிட்டது. முன்பு 28, அதற்கு மேல் செஸ். அந்த இடைவெளி இப்போது பாதிதான்.

மின்னல்_ரவி

நீங்கள் போட்ட கணக்கிலேயே கூடுதல் பில் 3,000, அது இரண்டு மாதத்துக்கு. மாதத்துக்கு 1,500. நான் சொன்னதும் அதுதானே! பெட்ரோலுக்கு அதே இரண்டு மாதத்தில் 16,800. 11 ரூபாய் யூனிட் என்றே வைத்துக்கொண்டாலும் கிலோமீட்டருக்கு 2 ரூபாயைத் தொடாது. சாலை வரியை ஏன் விட்டுவிட்டீர்கள்? தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு 15 சதவீதம். 12 லட்சம் வண்டிக்கு 1,80,000. எலெக்ட்ரிக்குக்கு விலக்கு. (அந்த விலக்கு அரசாணையால் நீட்டிக்கப்பட்டு வருவது. பதிவு செய்யும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம்.)

நெல்லைச்சீமை

வீட்டு மீட்டரில் போட்டால்தான் அந்த 2 ரூபாய். சென்னையிலிருந்து திருநெல்வேலி 620 கிலோமீட்டர். சின்ன பேட்டரி வண்டி என்றால் குறைந்தது மூன்று இடத்தில் நிற்க வேண்டும். வெளியில் யூனிட் 20 ரூபாய்க்கு மேல், அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. கிலோமீட்டருக்கு 4 ரூபாய் வந்துவிடும்.

காசு போனால் போகட்டும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு சார்ஜரில் என் தம்பி குடும்பத்தோடு நின்றான். இரண்டு சார்ஜிங் கன்னில் (வண்டியில் செருகும் முனை) ஒன்று வேலை செய்யவில்லை. இன்னொன்றில் ஒரு வண்டி 80 சதவீதத்தைத் தாண்டியும் கழற்றாமல் நிற்கிறது. எண்பதுக்கு மேல் ஆமை வேகத்தில்தான் ஏறும், ஓட்டுநரோ சாப்பிடப் போய்விட்டார். பின்னால் இன்னும் மூன்று வண்டி. அவன் முறை வந்தபோது ஆப்பில் பணம் போட்டால்தான் திறக்கும் என்றது, அங்கே சிக்னல் இல்லை. குழந்தை தூங்கிவிட்டது, அம்மாவுக்கு இயற்கை உபாதைக்குப் போக இடமில்லை. ஒரே கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த அவஸ்தை எதற்கு?

மின்னல்_ரவி

வருஷத்துக்கு மூன்று தடவை போகும் ஊருக்காகத் தினம் பெட்ரோல் எரிப்பதா? நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறதே.

நெல்லைச்சீமை

60 நாளுக்கு முன்பு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள் சார். தீபாவளி டிக்கெட் சில நிமிஷத்தில் வெயிட்டிங் லிஸ்ட். தென்மாவட்டத்துக்காரனிடம் ரயிலைச் சொல்லாதீர்கள்.

பழைய_எலக்ட்ரீசியன்

கவி அம்மா, இவர்கள் இரண்டு பேரும் கேட்காததை நான் கேட்கிறேன். உங்கள் பார்க்கிங்கில் ப்ளக் பாயிண்ட் இருக்கிறதா? இருந்தால் அந்த ஒயர் எந்த மீட்டரிலிருந்து வருகிறது?

நிறைய ஃப்ளாட்டில் கீழே இருக்கும் பாயிண்ட் காமன் மீட்டரில் இருக்கும். மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு எல்லாம் ஓடுகிற மீட்டர். அதில் காரைச் செருகினால் அடுத்த மாதமே அசோசியேஷனில் சண்டை. உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்து, தனி எம்சிபி (கரண்ட் அதிகமானால் அணைக்கும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்) போட்டு வர வேண்டும். கார் ஒரு ராத்திரி முழுக்க, எட்டு பத்து மணி நேரம், நிற்காமல் 15 ஆம்பியர் இழுக்கும். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் இழுப்பது வேறு, இது வேறு. மெலிந்த ஒயர், லூசான சாக்கெட் என்றால் ப்ளக்கின் ஒரு முள்ளைச் சுற்றி முதலில் பழுப்பாகும், அப்புறம் கறுத்து உருகும். சார்ஜ் போட்ட முதல் வாரம் ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது எர்த். பழைய கட்டிடங்களில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றியே வருஷங்கள் ஆகியிருக்கும். எர்த் சரியில்லை என்றால் வண்டி சார்ஜே எடுக்காது. வண்டியில் கோளாறு என்று ஷோரூமுக்கு அலைவார்கள், கோளாறு கட்டிடத்தில் இருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்டேஜ் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகம் காட்டினால் எர்த்தைச் சரிசெய்த பிறகுதான் மற்றது.

எண்ணூர்_அலை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். யாராவது ‘புகையே இல்லை’ என்று சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அந்தப் புகை எங்கள் ஊரில் இருக்கிறது. இந்தியாவில் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து கிடக்கிறது, இறால் பிடித்தவர்கள் சேற்றுக்குப் பதில் சாம்பலில் கால் புதைந்து நிற்கிறார்கள். ஓஎம்ஆரில் காற்று சுத்தமாவது எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதன் விலை வடசென்னையில் கட்டப்படுகிறது.

மின்னல்_ரவி

உங்கள் கோபம் நியாயமானது தோழர், சாம்பலை ஆற்றில் விடுவதை யாரும் ஆதரிக்க முடியாது. கரியமில வாயுவை மட்டும் எடுத்துக்கொண்டால், நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் வெளியாகிறது. என் காருக்கு அது கிலோமீட்டருக்கு 110, 115 கிராம் வரும். லிட்டருக்கு 12 ஓடும் பெட்ரோல் கார் 190 கிராம் விடும், அதுவும் நம் தெருவிலேயே. காற்றாலைகள் சுற்றும் ஆடி மாதத்திலும், பகலில் வெயில் இருக்கும்போதும் சார்ஜ் போட்டால் இன்னும் குறையும்.

எண்ணூர்_அலை

நீங்கள் ராத்திரிதானே செருகுகிறீர்கள்?

மின்னல்_ரவி

ஆமாம், ராத்திரிதான். ஆபீஸ் பார்க்கிங்கில் சார்ஜர் கேட்டு எழுதியிருக்கிறோம், வந்தால் பகலுக்கு மாறிவிடுவேன்.

கவி_மேடவாக்கம்

எல்லாருக்கும் நன்றி. எலக்ட்ரீசியன் ஐயா சொன்னதைப் போய்ப் பார்த்தேன். பார்க்கிங்கில் இருப்பது காமன் மீட்டர் பாயிண்ட்தான். எங்களுக்குச் சப்-மீட்டர், ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். தனி ஒயர் இழுக்கக் கேட்டால், ‘நாளைக்கு நீங்கள் காலி செய்து போனால் சுவரில் போட்ட துளையை யார் அடைப்பது’ என்கிறார். மழை வேறு பயம். 2024 அக்டோபரில் வேளச்சேரி பாலத்தின் மேல் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, எங்கள் பார்க்கிங்கும் தாழ்வுதான்.

பழைய_எலக்ட்ரீசியன்

தண்ணீரைப் பொறுத்தவரை பேட்டரியை மூடித்தான் கட்டியிருப்பார்கள். ஐபி67 என்ற நீர்காப்புத் தரம் என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ராத்திரி முழுக்க நிற்பதற்கு அது உத்தரவாதம் இல்லை, அப்படி நின்றால் பெட்ரோல் காரும் போச்சுதான். மழைக்காலத்தில் சாக்கெட்டை நெஞ்சு உயரத்துக்கு மேல் வையுங்கள், புயல் எச்சரிக்கை வந்ததுமே முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள். கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள்.

ஓனர் விஷயத்துக்கு, துளை போட வேண்டாம், கேசிங் பைப்பில் வெளியே ஓட்டலாம் என்று சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதையும் காட்டலாம்.

நெல்லைச்சீமை

வழிகாட்டுதலைக் காட்டினால் பதினோரு மாத அக்ரிமென்ட்டைக் காட்டுவார் ஓனர். சொந்த வீடு, சொந்த மீட்டர், இரண்டாவது கார் இருக்கிறவர்கள் எலெக்ட்ரிக் வாங்கட்டும், நானே கூட்டிப்போய் வாங்கிக் கொடுப்பேன். உங்களுக்கு இந்தத் தடவை பெட்ரோல்தான் அம்மா.

மின்னல்_ரவி

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓனர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் வாங்குங்கள், கொடுக்கவில்லை என்றால் அடுத்த வீடு பார்க்கும்போது பார்க்கிங்கில் பாயிண்ட் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். மாதம் ஏழாயிரம் மிச்சம், வாடகையில் ஆயிரம் கூடினாலும் நஷ்டமில்லை.

கவி_மேடவாக்கம்

ஓனரிடம் என் கணவரைப் பேசச் சொல்லியிருக்கிறேன், கேசிங் பைப் என்றால் ஒருவேளை சம்மதிப்பார். எழுதிக் கொடுக்காமல் புக்கிங் பணம் கட்டுவதாக இல்லை. ஐயா, மூன்றாவது மாடியிலிருந்து கீழே வரை ஒயர் இழுக்க எத்தனை ஸ்கொயர் எம்எம் கனம் வேண்டும்?

பழைய_எலக்ட்ரீசியன்

காப்பரில் 4-க்குக் குறையாமல் போடுங்கள், தூரம் முப்பது மீட்டரைத் தாண்டினால் 6. நாளைக்குப் பெரிய சார்ஜர் வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 6 போட்டுவிடுங்கள். எர்த் ஒயரையும் அதே கனத்தில் கேளுங்கள், அதில்தான் மெலிசாகப் போட்டு ஏமாற்றுவார்கள்.