வெளிநாட்டு வாடகை வீட்டில் மூட்டைப்பூச்சி: வன்னியில் இருந்து போன பிள்ளைகளுக்கு

வன்னியில் இருந்து கனடாவுக்கும் பிரான்சுக்கும் போய்ச் சேர்ந்த பிள்ளைகள், காலையில் எழும்பும்போது கையிலும் கழுத்திலும் சிவந்து தடித்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பி, இது நுளம்புக் கடியா, சாப்பாடு ஒத்துக்கொள்ளாததா என்று கேட்கிறார்கள். நான் பல வருடங்கள் வெளிநாட்டில் இருந்துவிட்டு இப்போது கிளிநொச்சியில் வாழ்கிறேன். தடிப்பை மட்டும் பார்த்து எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிலருக்குக் கடித்து இரண்டு வாரம் வரை அடையாளமே தோன்றாது. ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்திருக்க, மற்றவருக்கு ஒன்றும் இராது. ஆகவே உடம்பைப் பார்ப்பதை விட்டுக் கட்டிலைப் பாருங்கள்.

விரிப்பைக் கழற்றிவிட்டு, மெத்தையின் விளிம்புத் தையலை டோர்ச் வெளிச்சத்தில் விரலால் மெல்ல விரித்துக்கொண்டே போனால், மூலைகளில் பேனாவால் குத்தியது போன்ற கரும்புள்ளிகள் தெரியும். ஈரத்துணியால் துடைக்கும்போது அவை மை போலக் கலங்கிப் பரவினால், அது பூச்சியின் எச்சம் என்று கொள்ளலாம். பக்கத்திலேயே வெளிறிய மஞ்சள் நிறத்தில் கழற்றிய தோல்களும், ஒரு மில்லிமீற்றர் அளவான வெள்ளை முட்டைகளும் இருக்கும். வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீற்றர் நீளமானது, தட்டையானது, கபில நிறமானது. கட்டில் சட்டத்தின் பொருத்துகள், தலைமாட்டுப் பலகையின் பின்புறம், அருகில் உள்ள லாச்சி, சோபாவின் மடிப்பு ஆகியவற்றையும் விடாமல் பாருங்கள்.

கண்டவுடன் ஊருக்குத் தொலைபேசி எடுப்பீர்கள். அம்மாவோ அம்மம்மாவோ கட்டிலை வெயிலில் போடு, பொருத்துகளுக்குக் கொதிதண்ணீர் ஊற்று, மண்ணெண்ணெய் தடவு என்று சொல்லுவார்கள். வன்னியில் சித்திரை வெயிலில் முற்றத்தில் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டி வளர்ந்தவர்களின் அந்த அறிவை நான் மதிக்கிறேன், ஏனெனில் சூட்டுக்கு இந்தப் பூச்சி தாங்காது என்பது முழு உண்மை. ஆனால் ரொறன்ரோவின் வெயில் அதற்குப் போதாது. அங்கே உங்களுக்கு வெயிலாக இருப்பது உடுப்பு உலர்த்தும் இயந்திரம்தான். விரிப்பு, தலையணை உறை, உடுப்பு எல்லாவற்றையும் அறையிலேயே பையில் போட்டு இறுகக் கட்டி எடுத்துச் சென்று, 60 பாகைச் செல்சியஸ் தண்ணீரில் தோய்த்து, அதிகூடிய சூட்டில் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் உலர்த்தினால் முட்டையும் சாகும். தோய்க்க முடியாதவற்றை மைனஸ் 18 பாகைக்குக் கீழ் உள்ள உறைபெட்டியில் நான்கு நாள்கள் வைக்கலாம்.

மண்ணெண்ணெயை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். மூடிய யன்னல்களும் ஹீற்றரும் உள்ள அறையில் அது உயிராபத்து. கடையில் விற்கும் பூச்சிமருந்துப் புகைக் குப்பிகளும் வேண்டாம். அந்த மருந்து இடுக்குகளுக்குள் போவதில்லை, பல இடங்களில் பூச்சிகள் அந்த வகை மருந்துகளுக்குப் பழகியும் விட்டன. கடி தாங்காமல் வரவேற்பறைச் சோபாவுக்குப் படுக்கையை மாற்றவும் கூடாது, ஏனெனில் பூச்சி உங்களைத் தேடி அங்கும் வரும். சாப்பாட்டு அலுமாரியின் கால்களுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்ச் சிரட்டை வைப்பது போல, கட்டில் கால்களுக்கு வைக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணங்கள் அங்கே விற்கின்றன. கட்டிலைச் சுவரில் இருந்து தள்ளி வைத்து, விரிப்பு நிலத்தில் படாமல் மடித்துவிட்டால் அவை நல்ல பலன் தரும்.

இவை எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது, பிள்ளைகள் இதை மறைப்பதுதான். ஒரு வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து இருக்கும்போது, ஊத்தையன் என்று சொல்லிவிடுவார்களோ, அறையை விட்டு எழும்பச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து மாதக்கணக்காகக் கடி வாங்குகிறார்கள். மூட்டைப்பூச்சிக்கு ஊத்தையும் சுத்தமும் ஒன்றுதான், அதற்குத் தேவை இரத்தம். 2023 இலையுதிர் காலத்தில் பாரிஸ் நகரமே இதைப் பற்றித்தான் பேசியது. இது நோய் எதையும் பரப்புவதாக அறியப்படவில்லை, ஆனால் ஒரு பெண்பூச்சி தன் வாழ்நாளில் இருநூறுக்கு மேல் முட்டையிடும் என்பதால், ஒவ்வொரு கிழமைத் தாமதமும் அடுத்த அறைக்காரருக்கும் கேடு.

ஆகவே வீட்டுக்காரருக்கு உடனே எழுத்தில், படத்துடன், திகதியிட்டு அறிவியுங்கள். ரொறன்ரோ உள்ள ஒன்ராறியோ மாகாணத்தில் 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டை நல்ல நிலையில் பேணுவது வீட்டுக்காரரின் பொறுப்பு, பூச்சி ஒழிப்பும் அதற்குள் அடங்கும். வீட்டுக்காரருடனேயே சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டிய அறை என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. நம்மவர்கள் பலர் முதலில் எடுப்பது அத்தகைய அறைகளைத்தான் என்பதால், காசு கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரான்சில் பூச்சி இல்லாத வீட்டையே வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மருந்து அடிப்பவர் பெரும்பாலும் இரண்டாம் முறையும் வர வேண்டியிருக்கும், ஏனெனில் முதல் மருந்துக்குத் தப்பிய முட்டைகள் ஏறத்தாழ ஒரு கிழமையிலோ பத்து நாளிலோ பொரிக்கும். கடி நின்றுவிட்டது என்று அந்த இரண்டாம் வருகையைத் தவிர்க்க வேண்டாம்.

தெருவோரம் போட்டிருக்கும் மெத்தையையும் சோபாவையும், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், வீட்டுக்குள் எடுக்காதீர்கள். ஊருக்கு வரும் வருடத்தில் வீட்டில் பூச்சி இருந்திருந்தால், கொண்டுவரும் உடுப்புகளை உலர்த்தியில் போட்டெடுத்த கையோடு பெட்டியில் அடுக்குங்கள். பெட்டியின் தையலையும் சில்லுப் பக்கத்தையும் டோர்ச் அடித்துப் பார்த்த பிறகே மூடுங்கள்.