மாலை போடும் ஆண் பெண்ணியத்தை ஏற்க முடியுமா?

கேள்வி: தென்காசிச் சாரல்

அனைவருக்கும் வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை முதல் நாளில் மாலை அணிந்து, 41 நாள் விரதம் இருந்து சபரிமலைக்குச் செல்பவன் நான். சொத்திலும் படிப்பிலும் வேலையிலும் பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயம் கிடையாது. கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் இதைச் சொல்லியே வளர்த்திருக்கிறேன். 10 முதல் 50 வயது வரையிலான பெண்களைத் தடுப்பது அரசமைப்புக்கு முரணானது என்று 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தபோது எங்கள் குழுவில் பெரும்பாலோர் கொதித்துப்போனார்கள். எனக்கோ தீர்ப்பில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

அந்த வழக்கின் கேள்விகள் 2019இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. சட்டம் எங்கே போய் முடியும் என்பதைப் பற்றி நான் இங்கே கேட்கவில்லை. மது, புகை, கெட்ட வார்த்தை, கோபம் எல்லாவற்றையும் விட்டு, செருப்பில்லாமல் நடந்து, தரையில் படுத்து, எதிரில் வருபவர் எந்தச் சாதிக்காரராக இருந்தாலும் ‘சாமி’ என்று அழைத்து வாழும் அந்த நாட்களில் நான் மேலான மனிதனாக இருப்பதாக உணர்கிறேன். அந்த மேன்மை, பெண்ணை விலக்கி வைப்பதன் மேல் எழுப்பப்பட்டதுதானா? அப்படியென்றால் பெண்ணியத்தை ஏற்கும் ஓர் ஆண் மாலை போடலாமா?

பதில் 1: வைகைக்கரை குருசாமி

சாமி சரணம். பல ஆண்டுகளாக, முதன்முறை மலைக்கு வரும் கன்னிசாமிகளுக்கு மாலை போட்டு, இருமுடிக் கட்டு நிறைத்து அழைத்துச் செல்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே எழுந்தருளியிருப்பவர் நைஷ்டிக பிரம்மசாரி, அதாவது வாழ்நாள் முழுவதும் பிரம்மசரியம் காப்பவர். அந்தத் தலத்தின் நியதி அவருடைய விரதத்திலிருந்து வருகிறதே தவிர, பெண் தாழ்ந்தவள் என்ற எண்ணத்திலிருந்து வரவில்லை. பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமியரும் ஐம்பதைக் கடந்த தாய்மாரும் மாளிகைப்புறங்களாக எங்களோடு பதினெட்டுப் படி ஏறத்தான் செய்கிறார்கள். இது நேற்று முளைத்த தடையும் அல்ல; 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்டு, கானர் என்ற ஆங்கில அதிகாரிகள் எழுதிய திருவிதாங்கூர் அளவைக் குறிப்பிலேயே இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. 2018 தீர்ப்பில் மாறுபட்டு எழுதியவர் அந்த அமர்வின் ஒரே பெண் நீதிபதியான இந்து மல்ஹோத்ரா என்பதையும், காத்திருக்கச் சம்மதம் என்று பெண் பக்தர்களே முன்வந்து இயக்கம் நடத்தினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மற்றபடி, ஆணுக்கு அடக்கத்தைக் கற்பிக்கும் பள்ளிக்கூடங்கள் நம் நாட்டில் எத்தனை இருக்கின்றன, சொல்லுங்கள். குடியை விட்டுவிடு என்று மனைவி சொல்லியும் மருத்துவர் சொல்லியும் கேளாதவன், கழுத்தில் துளசிமணி ஏறியவுடன் கேட்கிறான்.

பதில் 2: நொய்யல் மலர்

குருசாமி ஐயாவுக்கு வணக்கம். ஐயா கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது முழு உண்மை. எங்கள் தெருவில் கார்த்திகை பிறப்பதற்காகக் காத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த ஒன்றரை மாதம் வீட்டில் அடி விழாது, கூலிப் பணம் முழுதாகக் கைக்கு வரும், பிள்ளைகள் பயமில்லாமல் தூங்கும். மகர ஜோதி முடிந்து மாலையைக் கழற்றிய கையோடு டாஸ்மாக் வாசலில் நிற்பவர்களையும் அதே பெண்கள்தான் பார்க்கிறார்கள். அடக்கம் தனக்கு முடியும் என்று அந்த ஆண் நிரூபித்துவிட்டான். அதை மனைவிக்காகச் செய்ய மாட்டான் என்பதையும் சேர்த்தே நிரூபிக்கிறான். எனக்கு நெஞ்சில் தைப்பது இதுதான். படியேறுவதைப் பற்றிய வழக்கு எனக்கு இரண்டாம்பட்சம்.

அடுத்து, விரதம் யாருடையது என்று பார்ப்போம். சாமி விடியும் முன் எழுந்து குளிக்கிறார் என்றால், அவருக்கு முன்பே ஒருத்தி எழுந்து குளித்து, விளக்கேற்றி, அடுப்பு மூட்டியிருக்கிறாள். பழைய சோறு ஆகாது, வெளிச் சாப்பாடு ஆகாது, பாத்திரம் தனி என்ற நியமங்களைச் சுமப்பது அவள் உடம்பு. வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. மாதவிலக்கு வந்தால் பிறந்த வீட்டுக்கோ பின்கட்டு அறைக்கோ போக வேண்டும். அறையே இல்லாத ஒண்டுக்குடித்தனத்தில் அவள் எங்கே போவாள்? நாள் தவறிவிடக் கூடாதே என்று மாத்திரை போட்டுத் தள்ளிவைப்பவர்களை எனக்குத் தெரியும். மாலை அவர் கழுத்தில் இருந்தாலும் அச்சம் இவள் வயிற்றில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்டல பூஜை அன்னதானத்தில் முந்நூறு பேருக்குச் சாம்பாரும் பொங்கலும் ஆண்களே சமைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மிகவும் ருசியாகவே செய்கிறார்கள், நானே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கரண்டியைப் பிடித்த கை வீட்டுக்கு வந்தவுடன் தான் உண்ட தட்டைக்கூடக் கழுவுவதில்லை.

கேள்வி கேட்ட சகோதரரே, நீங்கள் மாலை போடலாமா என்று என்னைக் கேட்டால், போடுங்கள் என்பேன். உங்கள் விரதச் சமையலை யார் செய்கிறார்கள் என்று எழுதுங்கள். பெண்ணியத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

பதில் 3: ஈரோட்டுக் கருப்பு

ஆண்மை என்ற எண்ணம் உலகில் நிலைத்திருக்கும் வரை பெண்ணடிமையும் இருந்துகொண்டே இருக்கும் என்று பெரியார் குடிஅரசில் எழுதிவிட்டார். சாமி பெயரால் ஆணைத் திருத்துவது, அந்த ஆண்மைக்கு வேறு நிறத்தில் வேட்டி கட்டிவிடுவதுதான். இதற்கு மேல் இந்த இழையில் எனக்கு வேலை இல்லை.

பதில் 4: பாலாற்றுவாசி

நண்பர் அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியாத ஒரு செய்தி இருக்கிறது. 1950இல் சபரிமலைக் கோயில் எரிந்த பிறகு அமைக்கப்பட்ட ஐம்பொன் சிலையைத் தமிழ்நாட்டு ஊர்களில் வலமாகக் கொண்டுவந்தவர் நீதிக்கட்சித் தலைவர் பி. டி. ராஜன். நவாப் இராஜமாணிக்கத்தின் நாடகமும் ஐயப்பனை இங்கே ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. சாதியை எதிர்த்த அரசியலில் நின்ற ஒருவருக்கு, சாதி கேளாமல் எல்லோரையும் ‘சாமி’ ஆக்கும் இந்த வழிபாடு அந்நியமாகத் தோன்றவில்லை. ஆண்களுக்குள் சமத்துவம் என்பதும் சிறிய காரியமன்று. அது வாசற்படியில் நின்றுவிட்டது என்பதே குறை.

வழக்கத்தின் தொன்மை பற்றிக் குருசாமி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கேரள உயர் நீதிமன்றம் 1991இல் தடையை உறுதிசெய்த வழக்கே, கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்வத்தின் முன்னாள் ஆணையர் ஒருவரின் பேத்திக்குச் சந்நிதியில் நடந்த சோறூட்டு விழாவின் படம் நாளிதழில் வெளியானதையொட்டி எழுந்தது. குழந்தையின் தாயும் அங்கே இருந்தார். மாதப் பூஜை நாட்களில் இளம்பெண்கள் வந்துபோனதை அந்தத் தீர்ப்பே பேசுகிறது. ஆகவே நியதி எப்போதும் ஒரே இறுக்கத்தில் இருந்ததில்லை.

நான் இருப்பது மேல்மருவத்தூருக்குப் பக்கத்தில். அங்கே செவ்வாடை உடுத்திய பெண்கள் இருமுடி சுமக்கிறார்கள், கருவறைக்குள் சென்று தாங்களே அபிஷேகம் செய்கிறார்கள், மாதவிலக்கு அதற்குத் தடையில்லை. அதே வரிசையில் ஆண்களும் நிற்கிறார்கள். அவர்களுடைய பக்தி இதனால் குறைந்துபோனதாக நான் காணவில்லை. பங்காரு அடிகளார் செய்த மற்ற காரியங்களைப் பற்றி அவரவர்க்கு ஆயிரம் கருத்து இருக்கலாம், இந்த ஒன்றில் அவர் செய்தது பெரிய காரியம்.

தென்காசிச் சாரல்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. நொய்யல் மலர் கேட்டதற்கு விடை: சமையல் என் மனைவியுடையது, காலைக் குளியலுக்கு வெந்நீர் போடுவதும் அவரே. வரும் கார்த்திகையில் என் விரதச் சமையலை நானே செய்வதாகவும், மாதவிலக்கு நாட்களில் அவர் எங்கும் போக வேண்டியதில்லை என்றும் வீட்டில் சொல்லியிருக்கிறேன். “அப்புறம் அது என்ன விரதம்?” என்று கேட்டு எதிர்ப்பவர் என் தாயார், மகளோ, இதற்கு எதற்குப் பாராட்டு எதிர்பார்க்கிறீர்கள் என்கிறாள். அப்படி நடத்தும் விரதம் குருசாமியின் கணக்கில் விரதமாகுமா?

வைகைக்கரை குருசாமி

பெண்கள் சந்நிதிக்கு வரும் விஷயத்தில் என் நிலை மாறாது. தீர்ப்பு வரட்டும், சாமி பார்த்துக்கொள்வார். சமையலைப் பற்றிச் சகோதரி எழுதியதற்கு என்னிடம் மறுப்பில்லை. விரதம் எடுத்தவன் தன் உணவைத் தானே பொங்கி உண்பதில் நியதி மீறல் எதுவும் கிடையாது. சபரிமலைக்கு நடந்து போகும் காட்டுப் பெருவழியில் அழுதையிலும் கரிமலையிலும் நாங்கள் அப்படித்தான் உண்டிருக்கிறோம். தீட்டு விஷயத்தில் உங்களுக்கு அனுமதி தரும் இடத்தில் நான் இல்லை, தடுக்கவும் மாட்டேன். ஆனால் இந்த ஆண்டு என்னிடம் மாலை போட வரும் கன்னிசாமிகளிடம், கைநீட்டும் பழக்கம் உண்டா என்று வீட்டுப் பெண்களை வைத்துக்கொண்டே கேட்கப்போகிறேன். கழற்றிய பிறகும் அது தொடர்ந்தால் அடுத்த ஆண்டு அவருக்குக் கட்டு நிறைக்க மாட்டேன்.