பொற்றாமரையில் இல்லாத மீன்

மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து:

பொற்றாமரைக் குளத்தில் மீன் கிடையாது. தன் இனம் இந்தக் குளத்து மீனைத் தின்று பாவம் சேர்க்கக் கூடாது என்று ஒரு நாரை சொக்கநாதரிடம் வரம் வாங்கிய திருவிளையாடலை அப்பத்தா மடியில் படுத்துக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; அழகர் இறங்குவதற்கே வைகை அணையைத் திறந்துவிட வேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரன் நாற்பத்தாறு வயதில் கடலுக்கு அடியில் போகிறேன் என்றால் வீட்டில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

வீட்டுக்காரிக்குத் திருக்கோணமலை போக வேண்டும் என்பது பல வருட ஆசை. ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு. கேதீச்சரம் ஒன்று, கோணமலை மற்றொன்று. அக்காள் மகனுக்கோ ஸ்கூபா பைத்தியம், அதாவது காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மூழ்குவது. "மாமா, அந்தக் கோயிலின் பாதி கடலுக்குள்தான் கிடக்கிறது, அத்தை மேலே கும்பிடட்டும், நாம் கீழே கும்பிடுவோம்" என்று சொல்லியே என்னைக் கவிழ்த்துவிட்டான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தக் கரை கலங்கிவிடும் என்பதால் ஆனி மாதத்தில் புறப்பட்டோம். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், பிறகு அரை நாள் வேன்.

முதல் தடவை நான் தோற்றேன். முகக்கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் வந்ததும் கையைக் காலை உதறிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். பயிற்சி கொடுத்த தம்பி கோபப்படவில்லை. "அண்ணை, எது நடந்தாலும் மூச்சை மட்டும் அடக்கக் கூடாது" என்றான். நீச்சல் தெரிந்தவன் தண்ணீருக்குள் செய்கிற முதல் காரியமே மூச்சை அடக்குவதுதான். இங்கே அதுவே ஆபத்து. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்றை அடைத்துக்கொண்டு சட்டென்று மேலே வந்தால் அது விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். இதைக் கேட்ட பிறகு ஒழுங்காக மூச்சு விட்டேன். பயம் போகவில்லை, ஆனால் அதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

மறுநாள் சுவாமி மலைப் பாறைக்கு அடியில் இறங்கினோம். 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இடித்துத் தள்ளிய கோயிலின் கற்கள் அங்கே கிடக்கின்றன. 1956இல் மைக் வில்சன் என்பவர் மூழ்கிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவை உலகத்துக்குத் தெரியவந்தன. அவருடைய நண்பரான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதை எழுதினார். தூண்கள் வரிசையாக நிற்கும் என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். எனக்கு முதலில் எல்லாம் பாறையாகத்தான் தெரிந்தது. தம்பி விரலால் காட்டிய பிறகு ஒரு கல்லின் விளிம்பு நேர்கோடாக ஓடுவது தெரிந்தது. கடல் இப்படி நேராக வெட்டாதே என்று தோன்றிய அந்த நொடியில் உடம்பு சிலிர்த்தது. அந்தக் கல்லின் நிழலில் ஒரு களவா மீன், வாயைத் திறந்து மூடிக்கொண்டு, கருவறை வாசலில் உட்கார்ந்த பட்டரைப் போல எங்களைப் பார்த்தது. கும்பிட வேண்டும் என்று தோன்றி இரண்டு கையையும் சேர்த்தேன். உடனே உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து உருண்டுவிட்டது. அக்காள் மகன் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

"கோயில் கல்லுக்கு மேலே காலை நீட்டிக்கொண்டு மிதந்தீர்களே, பாவமில்லையா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிராயச்சித்தமாக அந்த வாரம் முழுவதும் மீன் சாப்பிடக் கூடாது என்றாள். திருக்கோணமலையில் போய் மீன் இல்லாத சாப்பாடு, யோசித்துப் பாருங்கள்.

கடைசி நாளைக் கோயிலுக்கு ஒதுக்கினோம். பக்தியின் வரிசை அது இல்லை; பல முறை மூழ்கியவர்கள் 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். கோணேசரிடம் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள் போகிறது. மான்கள் நம்மைச் சட்டை செய்யாமல் மேய்கின்றன. கோட்டை வாசல் கல்லில் பழந்தமிழ் எழுத்து, பக்கத்தில் இரட்டைக் கயல். நம் பாண்டியர் கயல்! 13ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் கயல் பொறித்ததைக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. மதுரைக்காரன் வெளியூரில் ஊர்க்காரனைக் கண்டால் எப்படி நிற்பானோ அப்படி நின்றேன். பின்னால் வந்தவர்கள் வழிவிடச் சொன்னார்கள்.

சாமி கும்பிட்டுவிட்டுப் பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். ஒரு படகு, அதன் பக்கத்தில் நீர்க்குமிழிகள். யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

செல்லூரிலிருந்து:

எங்கள் கதை இவ்வளவு அழகாக இல்லை. ராமேஸ்வரத்தில் காலையில் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியோடு மூன்றாம் பிராகாரம் முழுக்க நடந்ததில் எனக்குச் சளி பிடித்துக்கொண்டது. மறுநாள் கடலில் இறங்கினால் இரண்டு மீட்டரிலேயே காதில் ஊசி குத்தியது. மூக்கைப் பிடித்து ஊதினாலும் காது திறக்கவில்லை. அப்படியே ஏறிவிட்டேன், கட்டிய பணம் போனது போனதுதான். ஆகவே முதலில் கடல், பிறகு தீர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மச்சினன் மட்டும் இரண்டு முறை மூழ்கினான். அன்று மாலையே கிளம்பி இரவோடு இரவாகக் கொடைக்கானல் போவதாகத் திட்டம். சுற்றுலா வண்டிகள் எல்லாம் அப்படித்தானே ஓடுகின்றன. மதுரையில் சாப்பிட நிறுத்தியபோது மருத்துவராக இருக்கும் சித்தப்பாவுக்குத் தற்செயலாகப் போன் செய்தோம். பெரிய சத்தம் போட்டார். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். மூழ்கியவனுடைய ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவதற்குள் மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் ஒன்றுதான், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் உடம்புக்குள் குமிழி கிளம்பும் என்றார். வத்தலக்குண்டைத் தாண்டாமல் வீட்டிலேயே தங்கினோம். மச்சினனைத் திருப்பரங்குன்றம் கூட்டிப் போனேன். அவனுக்கு அதில் திருப்தி இல்லை.

கீழவாசலிலிருந்து:

நான் மதுரையில் கடை வைத்திருக்கிறேன், சொந்த ஊர் கீழக்கரை. வாப்பா சங்கு குளியாளி. சிலிண்டர் எல்லாம் அவர் காலத்தில் இல்லை; மூச்சை அடக்கித்தான் இறங்குவார்கள். மேலே சொன்ன விதி அவர்களுக்குத் தலைகீழ், ஏனென்றால் அது கரையிலேயே இழுத்த காற்று. மன்னார் வளைகுடாவில் அவர் எடுத்த சங்குகள் எந்தெந்தக் கோயில்களில் ஊதப்படுகின்றனவோ, அவருக்கே தெரியாது. ஆழத்தின் அழுத்தம் இடது காதை வாங்கிக்கொண்டது.

மதுரைக்கு வரும்போது அம்மன் சன்னதிப் பக்கம் பூஜைச் சாமான் கடைகளில் நிற்பார். கடைக்காரர் சங்கை ஊதிக் காட்டினால் வலது காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு விலையை விசாரிப்பார். ஒவ்வொரு முறையும் விலையைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரிப்பார், பிறகு சங்கை மெதுவாக வைத்துவிட்டு ஜிகர்தண்டா குடிக்கப் போவோம்.