பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உயில் எழுதினால் செல்லுமா?

தஞ்சை பாய்: அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு மூன்று பெண்கள், மகன் இல்லை. பெற்றோர் மவுத்தாகிவிட்டார்கள் (இறந்துவிட்டார்கள்). மனைவியும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். என் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய ஒரே வீட்டைப் பெண்களுக்கு உயில் எழுதிப் பதிவு செய்துவிட்டால் யாரும் கேட்க முடியாது என்கிறார் பத்திர எழுத்தர். சரிதானா?

நெல்லை வக்கீல்: வ அலைக்கும் ஸலாம். பதிவு செய்தாலும் செல்லாது பாய். சுன்னி சட்டத்தில் ஒரு வாரிசுக்கு எழுதும் வஸிய்யத்துக்கு (உயிலுக்கு) மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும், அதுவும் உங்கள் மவுத்துக்குப் பிறகு. இன்று தம்பி கையெழுத்துப் போட்டாலும் அன்று மறுக்கலாம். மறுத்தால் 24 பங்கில் மனைவிக்கு 3, பெண்களுக்கு 16, தம்பிக்கு 5. ஆகவே இப்போதே ஹிபாவாக, அதாவது உயிரோடிருக்கும்போதே தானமாக, கொடுத்துவிடுங்கள்.

கூத்தாநல்லூரான்: வக்கீல் சாரிடம் எனக்கு உடன்பாடில்லை. தம்பிக்கு அந்த 5 பங்கு மார்க்கம் கொடுத்தது. அதைத் தடுக்கவே ஹிபா எழுதினால், பத்திரம் கோர்ட்டில் நிற்கும், அல்லாஹ்விடம் நிற்குமா?

காயல் மகள்: காக்கா, எங்கள் ஊரில் கல்யாணத்தோடு பெண்ணுக்கு வீடு கொடுப்பது காலங்காலமான வழக்கம். அதையும் தடுப்பு என்பீர்களா? ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு வாரிசு ஒரே மகள். சொத்தில் மூன்றில் இரண்டைத் தர்மம் செய்யட்டுமா என்று கேட்டபோது, மூன்றில் ஒன்றே அதிகம், வாரிசுகளைக் கையேந்த விடாதீர் என்றார்கள் நபி (ஸல்). பங்கு கேட்டு வரும் சாச்சா (சித்தப்பா), கல்யாணமாகாத பெண்ணின் செலவுக்கு வருகிறாரா?

கூத்தாநல்லூரான்: வராத சாச்சாவை ஜமாஅத்தில் நிறுத்திக் கேளுங்கள், அதற்காகப் பங்கை மாற்றாதீர்கள். இப்படியே போனால், 2023 மார்ச்சில் காசர்கோடு மாவட்டத்தில் ஒரு வழக்கறிஞர் மகள்களுக்காகத் தன் மனைவியையே சிறப்புத் திருமணச் சட்டத்தில் மறுபடி மணந்தாரே, அங்கே போய் நிற்போம். அதில் 1925 வாரிசுரிமைச் சட்டம் வந்துவிடும், ஷரீஅத் பாகப்பிரிவினையே கிடையாது.

நெல்லை வக்கீல்: ஹிபா அப்படியல்ல. உயிரோடிருப்பவர் தன் சொத்தைக் கொடுப்பதை ஷரீஅத்தே அனுமதிக்கிறது. பிள்ளைகளுக்குள் பாரபட்சம் மட்டும் கூடாது. பலரும் தவறுவது வேறு இடத்தில். பத்திரம் மட்டும் எழுதிவிட்டு, வாடகை, வீட்டு வரி, சாவி எல்லாம் அத்தாவிடமே (தந்தையிடமே) இருக்கும். ஒப்படைக்காத ஹிபா விழுந்துவிடும். மரணப்படுக்கையில் கொடுத்தால் வஸிய்யத்தாகவே பார்ப்பார்கள், மறுபடி தம்பி சம்மதம் வேண்டும். மனைவியின் மஹர் (மணக்கொடை) பாக்கியையும் இப்போதே கொடுங்கள். அது கடன், பாகத்துக்கு முந்தியது.

தஞ்சை பாய்: மூவருக்கும் ஒரே பத்திரமாக எழுதலாமா?

நெல்லை வக்கீல்: பிரிக்க முடிகிற வீட்டைப் பிரிக்காமல் பலருக்குக் கொடுத்தால் சுன்னிகளில் ஒரு பிரிவான ஹனஃபி சட்டத்தில் தகராறு வரும். ஆளுக்கு எந்தப் பகுதி என்று அளந்து தனித்தனியாக எழுதி, அவரவரிடம் ஒப்படையுங்கள்.

கூத்தாநல்லூரான்: எழுதும் முன் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் பாய். அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள்.