வயல் தொழிலாளிகளைச் சந்தித்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவம்

கலிஃபோர்னியாவின் சலினாஸிலிருந்து:
நான் இங்கே பிசியோதெரபிஸ்ட். எழுபத்தைந்தைத் தாண்டிய மெக்சிகோக்காரர் யாராவது முதுகுவலி என்று வந்தால், "எல் கொர்டிட்டோ பிடித்திருக்கிறீர்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். ஓரடி, ஒன்றரையடிக் கைப்பிடி போட்ட களைக்கொத்து அது. லெட்யூஸ் கீரை வயலில் அதை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்தே நகர வேண்டும். நீளக் கைப்பிடி என்றால் செடி வெட்டுப்பட்டுவிடும் என்பது முதலாளிகள் சொன்ன காரணம். என்னிடம் வரும் ஒரு பெரியவர் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "யார் நிமிர்ந்தாலும் மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரியும், அதற்குத்தான்" என்பார். வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போய், 1975-ல்தான் அதற்குத் தடை வந்தது. அதற்குள் அவருடைய டிஸ்க்குகள் தேய்ந்துவிட்டன.

1970 ஆகஸ்டில் இந்த ஊரில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்திலும் அவர் இருந்திருக்கிறார். தொழிலாளிகளை ஒரு வார்த்தை கேட்காமல், முதலாளிகள் டீம்ஸ்டர்ஸ் என்ற லாரி ஓட்டுநர் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு எந்தச் சங்கம் என்பதை நாங்கள்தானே சொல்ல வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வயலை விட்டு வெளியேறினார்கள். சங்கம் அமைக்கும் உரிமையைப் பாதுகாக்கும் 1935-ஆம் வருட அமெரிக்கச் சட்டம் வயல் தொழிலாளிகளை வேண்டுமென்றே விலக்கி வைத்திருந்தது. ரகசிய வாக்கெடுப்பில் தங்கள் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கலிஃபோர்னியாவில் 1975-ல் சட்டமானது. கூட்டாட்சிச் சட்டத்தில் அந்த விலக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

ஃப்ரெஸ்னோவிலிருந்து:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே கலிஃபோர்னியாவில், டெலானோ ஊரின் திராட்சை வேலைநிறுத்தத்தை 1965 செப்டம்பர் 8 அன்று தொடங்கியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான ஃபிலிப்பினோ தொழிலாளிகள். சேசர் சாவேஸ், டொலோரஸ் ஹுவெர்டா நடத்திய சங்கம் எட்டு நாள் கழித்துச் சேர்ந்தது. ஊர் ஊராக மக்கள் திராட்சை வாங்குவதை நிறுத்திய பிறகுதான், 1970 ஜூலையில் டெலானோவின் பெரிய முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள். யாராவது இந்த வரிசையை மாற்றிச் சொன்னால் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி உடனே திருத்துவார். அவர் கணவர் ஃபிலிப்பினோ.

டாம்பாவிலிருந்து:
தெற்கு ஃப்ளோரிடாவில் இம்மொக்கலி என்று ஒரு ஊர். விடியும் முன்பே ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் ஆட்கள் கூடுவார்கள், பஸ் வந்து தக்காளி வயலுக்கு ஏற்றிப் போகும். அங்கே பேசிய ஒரு குவாத்தமாலாப் பெண் வாளிக் கணக்கை விளக்கினார். ஒரு வாளி 32 பவுண்டு, கூலி வாளிக்கு இவ்வளவு என்று. முன்பெல்லாம் வாய் நிரம்பினால் போதாது, மேலே குவித்தால்தான் மேஸ்திரி டோக்கன் தருவாராம். குவிந்த தக்காளிக்குக் காசு கிடையாது.

அவர்களுடைய இம்மொக்கலி தொழிலாளர் கூட்டணி, தோட்ட முதலாளிகளைத் தாண்டி, தக்காளி வாங்கும் பெரிய நிறுவனங்களிடமே போனது. பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கேட்டது. நான்கு வருடப் புறக்கணிப்புக்குப் பிறகு 2005-ல் டாகோ பெல் என்ற துரித உணவு நிறுவனம் ஒத்துக்கொண்டது. அப்புறம் வந்த நியாய உணவுத் திட்டத்தில் வாளியைக் குவிக்கச் சொல்லக்கூடாது, நிழல் வேண்டும், புகார் சொன்னவரை வேலையை விட்டு நிறுத்தக்கூடாது. விதியை மீறும் தோட்டத்திடம் அந்த நிறுவனங்கள் வாங்காது, அதனால்தான் அது நடக்கிறது.

நாம் என்ன செய்யலாம் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தக்காளி வாங்கும் கடை இந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று மேனேஜரிடம் கேளுங்கள், இல்லை என்றால் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றார். நான் கொடுத்துவிட்டேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.