பேமென்ட் சர்வீஸ் விழுந்தது, பையனும் ஒடுங்கிவிட்டான்: புது டீம் லீடுக்கு வழி சொல்லுங்கள்

கோவை லீட்:
வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். மார்ச்சில்தான் ஏழு பேர் டீமுக்கு லீட் ஆனேன். பள்ளிக் கட்டணம் வாங்கும் ஆப் எங்களுடையது. மாதம் 10ஆம் தேதி கடைசி நாள் என்பதால் அன்று காலை பத்து மணிக்கு மேல் கூட்டம் மொய்க்கும்.

போன 10ஆம் தேதி 38 நிமிடம் எல்லாமே படுத்துவிட்டது. வங்கிகளோடு பேசிப் பணத்தை வாங்கித் தரும் வெளிச் சேவையான பேமென்ட் கேட்வேதான் மெதுவாகியிருந்தது. ஆனால் பணத்தோடு சம்பந்தமே இல்லாத மார்க் பார்க்கும் பக்கம்கூடத் திறக்கவில்லை. எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் லாகில் கனெக்‌ஷன் தீர்ந்துவிட்டது என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஒரே நேரத்தில் டேட்டாபேஸோடு இணையும் எல்லை 100, நாங்கள் அதை மாற்றியதே இல்லை. கேட்வே அழைப்புக்கு டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம், 30 வினாடி. முந்தின நாள் ஜூனியர் பையன் அந்த அழைப்பை 2 முயற்சியிலிருந்து 5 ஆக்கியிருந்தான். ரிவ்யூ பார்த்து அப்ரூவ் கொடுத்தது நான்.

கான்ஃபரன்ஸ் காலில் மேனேஜர் "யார் மெர்ஜ் பண்ணது?" என்று, அதாவது மாற்றத்தைக் கோடில் சேர்த்தது யார் என்று, கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவன் "நான்தான் சார்" என்றுவிட்டான். அன்றிலிருந்து ஒரு வரி மாற்றவும் என் சீட் பக்கத்தில் வந்து நிற்கிறான். மற்றவர்களும் டிப்ளாய் (புது மாற்றத்தை சர்வரில் ஏற்றுவது) என்றால் நாளைக்கு, நாளைக்கு என்கிறார்கள். சர்வரைப் பெரிதாக்கினால் போதாதா என்கிறார் மேனேஜர். எதில் தொடங்குவது?

ராத்திரி ஷிஃப்ட்:
சர்வரைப் பெரிதாக்கிப் பலன் இல்லை நண்பரே. உதாரணத்துக்கு வினாடிக்கு 20 பேர் பணம் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். கேட்வே 0.2 வினாடியில் பதில் தந்தால் ஒரே நேரத்தில் 4 கனெக்‌ஷன் போதும். அதுவே 30 வினாடி இழுத்தால் 600 வேண்டும். உங்களிடம் 100 இருக்கிறது, ஐந்தே வினாடியில் தீர்ந்துவிடும். 200 ஆக்கினால் பத்து வினாடியில் தீரும்.

என் சந்தேகம் இதுதான்: முடியும்வரை ஒரு கனெக்‌ஷனைப் பிடித்து வைத்திருக்கும் டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே கேட்வேயைக் கூப்பிடுகிறீர்கள். மார்க் பக்கமும் சேர்ந்து விழுந்தது அதனால்தான் இருக்கும். முதலில் 'நிலுவையில்' என்று ஒரு வரிசை எழுதி கமிட் செய்து (சேமித்து முடித்து), கனெக்‌ஷனை விட்டுவிடுங்கள். அப்புறம் கேட்வேயைக் கூப்பிட்டு, பதில் வந்ததும் அந்த வரிசையைத் திருத்துங்கள். டைம்அவுட்டை நன்றாகக் குறையுங்கள். ஆனால் டைம்அவுட் ஆனதை 'தோல்வி' என்று எழுதிவிடாதீர்கள். பணம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். நிலவரம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் முடிவு. கேட்வே இடம் கொடுத்தால் ஒவ்வொரு ரீட்ரையிலும் (மறுமுயற்சியிலும்) அதே ஐடெம்பொட்டன்சி கீயை, அதாவது இது பழைய கோரிக்கையேதான் என்று கேட்வேக்குக் காட்டும் அடையாளத்தை, அனுப்புங்கள். இல்லையென்றால் ஒரு பெற்றோரிடம் இரண்டு முறை பணம் பிடிப்பீர்கள்.

ஆப்பிலும் ரீட்ரை இருக்கிறதா? கட்டாயம் பாருங்கள்.

சென்னை அக்கா:
தம்பி, மேலே சொன்ன கணக்கு சரி, அதைச் செய்யுங்கள். நான் அந்தப் பையனைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் லீடான முதல் வருடம், டீமில் ஒரு பெண், நிஜ வாடிக்கையாளர் டேட்டா இருக்கும் புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் 'வேர்' (எந்த வரிசைகளை மாற்றுவது என்ற நிபந்தனை) இல்லாமல் ஒரு அப்டேட் ஓட்டிவிட்டாள். எல்லார் முன்னாலும் "யார் பண்ணது?" என்று கேட்டது நான். அவள் அழவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். நாலு மாதம் கழித்து வேறொருவருக்கு அதேபோல் ஒன்று நடந்தது. அவர் யாரிடமும் சொல்லாமல் 50 நிமிடம் தனியாகச் சரிசெய்யப் பார்த்தார். அந்த 50 நிமிடத்தில் தப்பான முகவரிக்கு ஆர்டர்கள் போய்க்கொண்டே இருந்தன. முன்பு நான் கேட்ட கேள்விதான் அவர் வாயை அடைத்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனது கனக்கும்.

கோட் சேமித்து வைக்கும் தளமான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது தெரியுமா? ஒரு இன்ஜினியர் இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் டேட்டாவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். தினசரி பேக்கப்பைத் தேடினால் அது ஓடியே இருக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது, அதைச் சொல்ல வேண்டிய மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முந்தைய ஸ்னாப்ஷாட் (டேட்டாவின் நகல்) ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். 'யார்' என்பதோடு நிறுத்தியிருந்தால் அந்த மெயில் கதை வெளியே வந்திருக்குமா?

அதனால் நடந்ததை எழுதும்போது முதல் வரியை நீங்கள் எழுதுங்கள்: "ரிவ்யூ செய்தபோது டைம்அவுட் 30 வினாடி என்பதை நான் பார்க்கவில்லை." அதை மேனேஜர் இருக்கும் மீட்டிங்கிலேயே வாசியுங்கள். பையன் அதைக் காதால் கேட்க வேண்டும். மேனேஜரிடம் தனியாக இதையும் சொல்லுங்கள்: 99.9 சதவீத நேரம் ஆப் ஓட வேண்டும் என்றால், விழுந்து கிடக்க 30 நாளுக்கு 43 நிமிடம்தான் கையிருப்பு. அதில் 38 ஒரே காலையில் போயிற்று. இந்த மாதம் புது ஃபீச்சரைக் குறைத்து இதைச் சரிசெய்ய நேரம் கேளுங்கள். எண்ணைக் காட்டினால் பெரும்பாலும் கேட்பார்கள்.

அப்புறம், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பையனையே ஒரு சின்ன மாற்றத்தை டிப்ளாய் செய்து, பிறகு ரோல்பேக் செய்யச் சொல்லுங்கள், அதாவது பழைய நிலைக்கே திருப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், கீபோர்டைத் தொடாதீர்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வர வழி தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

கோவை லீட்:
அக்கா, நண்பரே, இருவருக்கும் நன்றி. நண்பர் சந்தேகப்பட்டது சரி, கேட்வே அழைப்பு டிரான்சாக்‌ஷனுக்குள்தான் இருந்தது. மூன்று வருடப் பழைய கோட்.

நேற்று மீட்டிங்கில் முதல் வரியை நானே வாசித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பையன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். மொபைல் ஆப்பிலும் மூன்று முயற்சி இருக்கிறதாம். அதாவது ஒரு பெற்றோர் ஒருமுறை பட்டனை அழுத்தினால் கேட்வேக்கு 15 அழைப்பு வரை போயிருக்கிறது. இது என் கண்ணிலும் படவில்லை. கண்டுபிடித்து நாலு நாள் ஆயிற்றாம், சொல்லத் தயங்கியிருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை ரோல்பேக் அவன் செய்கிறான். எத்தனை நிமிடம் ஆனது என்று இங்கே எழுதுகிறேன்.